முத்திரை இல்லாத பழைய சவரக்கத்தி: அடையாளம் காண்பதும் வாங்குவதும்

பழைய மடக்குச் சவரக்கத்தியில் புகழ்பெற்ற பெயர் ஒன்று பொறித்திருந்தால், கொடுக்கும் காசில் பாதி அந்தப் பெயருக்கே போய்விடும். பெயரில்லாத கத்தியில் காசு முழுக்க எஃகுக்குப் போகிறது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு முத்திரை இல்லாத கத்திதான் நல்ல தொடக்கம். ஒரு நிபந்தனை உண்டு: கத்தியை அதன் வடிவத்திலிருந்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் சொல்லும் கதையை வைத்து வாங்கக் கூடாது.

முதலில் உறுப்புகள். வெட்டும் தகடு அலகு. அதன் தடித்த மேல்புறம் முதுகு, வெட்டும் விளிம்பு வாய். அலகின் வெளிக்கோடி நுனி, கைப்பிடிப் பக்கம் அடி. அடியைத் தாண்டி அலகு தண்டாக மாறும் இடம் தோள். தண்டு ஆணியைக் கடந்து வாலாக முடியும். கைப்பிடி இரண்டு பட்டைகளால் ஆனது. ஒரு கோடியில் ஆணியில் அலகு சுழலும், மறுகோடியில் பட்டைகளுக்கு நடுவே சின்ன ஆப்பு இருக்கும்.

கையில் வேண்டியவை நான்குதான்: வெர்னியர் காலிப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், எண்ணெய் தொட்ட பருத்தித் துணி.

பெயர் ஏன் இல்லை?

இதற்குக் காரணம் பல. எந்தக் காரணம் என்று தெரிந்தால் பாதி அடையாளம் கிடைத்துவிடும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும்தான் சவரக்கத்தித் தொழிலின் இரு பெரும் ஊர்கள். இரண்டிலும் ஒரு கத்தி பல கைகள் மாறித்தான் முடிந்தது. அடித்து உருவாக்குபவர் ஒருவர், பதமேற்றுபவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், கைப்பிடி பூட்டுபவர் வேறொருவர். ஷெஃபீல்டில் இவர்களில் பலர் சிறிய பட்டறை வைத்திருந்த தனி ஆட்கள். பெயர் பொறிப்பது விற்கிற வணிகரின் வேலை. அவர் பொறிக்காமல் விட்டால் கத்தி பெயரின்றியே கடைக்குப் போகும். இதை மட்டமான சரக்கு என்று எண்ண வேண்டாம். பெயருள்ள கத்தியை அடித்த அதே கை இதையும் அடித்திருக்கலாம்.

இரண்டாவது காரணம், முத்திரை இருந்து அழிந்துபோனது. தண்டில் உளி போன்ற அச்சால் அடித்த முத்திரை எளிதில் போகாது. அலகின் பக்கத்தில் அமிலத்தால் பொறித்த எழுத்தும், அதன்மேல் பூசிய தங்க மெருகும் நாலு முறை பாலிஷ் போட்டாலே மறைந்துவிடும். மூன்றாவது, துருவை எடுக்கிறேன் என்று யாரோ தண்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டது. தண்டின் முனைகள் மழுங்கி, முகம் லேசாகக் குழிந்து, வால் மட்டும் பழைய நிறத்தில் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

பெயர் இல்லாமல் 'வாரண்டட்' (தரத்துக்கு உறுதி), 'காஸ்ட் ஸ்டீல்' போன்ற சொல் மட்டும் இருக்கும் கத்திகளும் உண்டு. 'காஸ்ட் ஸ்டீல்' என்பது மூசையில் உருக்கி வார்த்த எஃகு. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் இந்த முறையைக் கொண்டுவந்தார். 'சில்வர் ஸ்டீல்' என்று இருந்தால் அது 1820களிலோ அதற்குப் பிறகோ செய்தது. லண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820, 1822 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகே அந்தப் பெயர் பரவியது. அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்தவற்றில் தென்னிந்தியாவிலிருந்து போன வூட்ஸ் எஃகும் ஒன்று. 'இந்தியா ஸ்டீல்' என்ற பொறிப்பைப் பழைய ஷெஃபீல்ட் கத்திகளில் பார்த்தால் வியப்படைய வேண்டாம். அது இந்த மதிப்பின் மிச்சம். அந்தக் கத்தி நம்மூர் எஃகால் ஆனது என்பதற்கு அந்தச் சொல் மட்டும் சான்றாகாது.

மறைந்த முத்திரையைத் தேடுவது

தண்டின் இரு முகங்களையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒரு இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தண்டுக்குக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். டார்ச்சை நாலு திசையிலும் மாற்றிப் பாருங்கள். ஓர் எழுத்தின் கால் மட்டும் தெரிந்தாலும் போதும்.

பிறகு சமையலறை அலுமினியத் தாளை ஒரு துண்டு கிழித்துத் தண்டின்மேல் வைத்து, விரல் நுனியால் அழுத்தித் தேயுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத அச்சு தாளில் எழுந்து வரும். அலகின் பக்கங்களில் வாயால் ஆவி ஊதிப் பாருங்கள். அமிலம் தின்ற இடத்தில் ஈரம் வேறு மாதிரிப் படிந்து, எழுத்தோ பூவேலையோ ஓரிரு நொடி தெரிந்து மறையக்கூடும்.

கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் இடங்களையும் விடாதீர்கள். ஆணிக்கு அருகே பட்டை மூடியிருக்கும் தண்டுப் பகுதி, வாலின் அடிப்புறம், பட்டைகளின் உட்புறம். தண்டின் பின்முகத்தில் இருக்கும் வெறும் எண் பெரும்பாலும் மாதிரி எண், ஆண்டு அல்ல. '1874' போன்ற எண்ணைக் கண்டதும் அந்த ஆண்டில் செய்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஸ்வீடனின் எஸ்கில்ஸ்துனாவில் செய்த எங்ஸ்ட்ரோம் கத்திகளில் வரும் 1874 கூட அந்தக் கத்தி பிறந்த ஆண்டைச் சொல்வதில்லை.

நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் அது பெரிய உதவி. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. ஆகவே 'ஜெர்மனி' அல்லது 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. இதைத் திருப்பிப் போட முடியாது. நாட்டின் பெயர் இல்லை என்பதால் கத்தி 1891க்கு முந்தையது என்று ஆகிவிடாது, உள்நாட்டுச் சந்தைக்குச் செய்ததாகவும் இருக்கலாம். துருப்பிடிக்காத எஃகு என்ற பொறிப்பு எந்த மொழியில் இருந்தாலும் கத்தி 1912-13க்கு முந்தையது அல்ல.

வடிவமே காலத்தைச் சொல்லும்

முத்திரை கிடைக்காதபோது நம்பத் தகுந்த சாட்சி அலகின் வடிவம்தான். கைப்பிடியை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம், அலகை மாற்ற முடியாது. வாலிலிருந்து தொடங்குங்கள்.

18ஆம் நூற்றாண்டுக் கத்திக்கு வால் இருக்காது, அல்லது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முண்டு இருக்கும். அலகு அடியில் குறுகி நுனி நோக்கி அகன்றுகொண்டே போகும். முதுகுக்கும் தண்டுக்கும் நடுவே தோள் என்று தனியாக எதுவும் இராது. 1800ஐ ஒட்டி வால் நீள ஆரம்பிக்கிறது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் தோள் தெளிவாக உருவாகிறது. விரல் வழுக்காமல் இருக்கத் தண்டின் அடியில் போடும் வரிவரியான வெட்டுகளும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷெஃபீல்ட் அமெரிக்காவுக்கு அனுப்பிய கத்திகள் கனத்தவை, அகலம் 7/8 அங்குலத்துக்கு மேலும் போகும். நூற்றாண்டின் கடைசியில் வால் மெலிந்து நீண்டு வளைகிறது.

அடுத்த சாட்சி சாணை. நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அலகின் குறுக்குவெட்டைப் பாருங்கள். முதுகிலிருந்து வாய்வரை பக்கங்கள் ஏறத்தாழ நேராக இறங்கினால் அது தட்டைச் சாணை, பழைய முறை. பக்கங்கள் உள்வாங்கி, வாயருகே காகிதம்போல் மெலிந்தால் அது குழிச்சாணை. சாணைச் சக்கரம் சிறிதாகச் சிறிதாகக் குழி ஆழமாகும். ஆழ்ந்த குழிச்சாணை 1880களுக்குப் பிறகு சோலிங்கனால் உலகெங்கும் பரவியது. ஷெஃபீல்ட் வணிகர்கள் சிலர் தங்கள் அலகுகளைச் சாணைக்காக ஜெர்மனிக்கு அனுப்பியதும் உண்டு. ஆகவே ஆழ்ந்த குழி இருக்கிறது என்பதற்காக ஜெர்மன் கத்தி என்று சொல்லிவிட முடியாது. 'ஜார்ஜ் மன்னர் காலத்துக் கத்தி' (18ஆம் நூற்றாண்டு, 19இன் தொடக்கம்) என்று விற்கும் பொருளில் மெல்லிய குழிச்சாணையும் நீண்ட வாலும் இருந்தால் மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

முதுகு தனித் துண்டாக, அலகு அதில் செருகியதாக இருந்தால் அது சட்டமுதுகுக் கத்தி. எஸ்கில்ஸ்துனாவும், சுவிட்சர்லாந்தின் லெ சாந்தியே ஊரின் லெகுல்த்ர் நிறுவனமும் இந்த வகைக்குப் பேர்போனவை, ஷெஃபீல்டிலும் செய்தார்கள். தளர்ந்திருந்தால் செருகிய அலகை நகர்த்திப் பார்க்கலாம், உள்ளே பெயர் இருக்கக்கூடும். இறுகியிருந்தால் தொடாதீர்கள்.

இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆண்டு சொல்லக் கூடாது. குறைந்தது மூன்று ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். பழைய வடிவங்களைப் பின்னாளிலும் சிலர் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஊரையும் காலத்தையும் சொல்லலாம், செய்தவர் பெயரை வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்வது ஊகம். அந்த ஊகத்துக்கு விற்பவர் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கைப்பிடி

கொம்பு: டார்ச்சை அடியில் வைத்தால் ஒளி ஊடுருவி நார்நாராகக் கோடுகள் தெரியும், பூச்சி அரித்த குழிகளும் இருக்கலாம். எலும்பு: லென்ஸில் பொடிப்பொடியான கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். கெட்டி ரப்பர்: முதலில் கறுப்பு, வெயில் பட்டுப் பழுப்பாகவோ பாசிப் பச்சையாகவோ மாறியிருக்கும், கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கந்தக வாடை வரும். செல்லுலாய்டு: அதே மாதிரி தேய்த்தால் கற்பூர வாசனை. கெட்டி ரப்பர் 1840களுக்கும் செல்லுலாய்டு 1870களுக்கும் முந்தைய கத்தியில் இருக்க முடியாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். செல்லுலாய்டு பெட்ரோல் மாதிரிப் பற்றிக்கொள்ளும் பொருள், அந்தச் சோதனையே வேண்டாம்.

செல்லுலாய்டில் இன்னொரு ஆபத்து, அது அழுகும். அழுகும்போது வெளியேறும் அமில ஆவி அலகைத் தின்னும். பட்டை மூடும் இடத்தில் மட்டும் கறுத்த துரு, ஆணி வாஷரைச் சுற்றிப் பச்சை, பட்டையில் நுண்ணிய வெடிப்பு, கற்பூரத்தோடு கலந்த புளித்த நெடி: இவற்றில் இரண்டு இருந்தாலே அந்தக் கைப்பிடி முடிந்துவிட்டது. மருந்து கிடையாது. பட்டையைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைத்தால் அவற்றையும் கெடுக்கும்.

ஆப்பையும் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் பளிச்சென்று கோடு விழுந்தால் அது ஈயம். ஷெஃபீல்டின் பழைய கத்திகளில் இது சாதாரணம், காலத்துக்கு நல்ல துணைச்சான்றும்கூட. கீறிய விரலைச் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள், ஆப்பை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்.

கைப்பிடி மாற்றப்பட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மூடி வைத்த கத்தியில் பட்டையின் விளிம்பு பல பத்தாண்டுகளில் அலகின்மேல் ஒரு கறைக்கோடு போட்டிருக்கும். கத்தியை மூடி, அந்தக் கோடு இப்போதைய பட்டையின் விளிம்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் பட்டை வேறு கத்தியிலிருந்து வந்தது. ஆணி பளபளவென்று புதுப் பித்தளையாக இருப்பதும் அதே சேதிதான்.

மழிக்க உதவுமா?

அலமாரியில் வைக்க வாங்குபவர் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். மழிக்க வாங்குபவருக்கு இதுதான் உயிர்.

மடக்குச் சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். ஆகவே வாயின் கோணத்தை முடிவு செய்வது முதுகின் தடிமனும் அலகின் அகலமும்தான். அகலத்தைத் தடிமனால் வகுங்கள். 3.2 முதல் 3.8 வரை வந்தால் நல்லது. அகலம் 19 மி.மீ., முதுகு 5.5 மி.மீ. என்றால் சுமார் 3.45, கோணம் ஏறத்தாழ 16½ பாகை, மழிக்க உகந்தது. அதே முதுகோடு அலகு தேய்ந்து 15 மி.மீ. ஆகிவிட்டிருந்தால் 2.7, கோணம் 21 பாகை. அந்த வாய் முடியை வெட்டாது, இழுக்கும். விகிதம் 4ஐத் தாண்டினால் வாய் மிக மெலிந்து சட்டென்று பொடியும். அகலத்தை எட்டில் ஒரு அங்குலக் கணக்கில் சொல்வது வழக்கம்: 5/8 என்பது 16 மி.மீ., 6/8 என்பது 19 மி.மீ. புதியவர்களுக்கு இவ்விரண்டுமே வசதி.

அகலத்தை அடியிலும் நடுவிலும் நுனியிலும் அளக்கவும். அடிக்கும் நுனிக்கும் 1.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் யாரோ ஒருபக்கம் அழுத்தித் தீட்டியிருக்கிறார்கள் (18ஆம் நூற்றாண்டுக் கத்தியில் நுனி அகலமாக இருப்பது இயல்பு). முதுகில் கல் தேய்த்த பட்டை 2 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தால் கத்தி நிறையத் தீட்டுப்பட்டது. ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் அலகு முறுக்கியிருக்கலாம். கண்ணாடித் தகட்டில் படுக்க வைத்துப் பாருங்கள், ஒரு மூலை ஆடினால் முறுக்கு உறுதி.

வாய் நடுவில் வெளியே புடைத்திருந்தால் பரவாயில்லை, தீட்டிக்கொள்ளலாம். உள்வாங்கியிருந்தால் நேராக்க நிறைய எஃகு போய்விடும், புதியவர் தொட வேண்டாம். அரை மில்லிமீட்டர் பொரிந்த வாயைத் தீட்டி எடுக்கலாம். 2 மி.மீ. என்றால் விட்டுவிடுங்கள். சிவப்புத் துரு மேலோட்டமானது. கரும்புள்ளியாகக் குழி விழுந்திருந்தால், அது வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதுகருகே இருந்தால் அழகுக் குறை மட்டுமே. வாயை ஒட்டி 1 மி.மீ.க்குள் இருந்தால் தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிக்குள் போய் ஓட்டை ஓட்டையாகப் பிய்யும்.

விரிசல் வந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். குழிச்சாணை அலகில் வாயிலிருந்து முதுகு நோக்கி மயிரிழைபோல் ஏறும். எண்ணெய் தடவித் துடைத்து லென்ஸில் பார்த்தால், துடைத்த பிறகும் எண்ணெய் கசிந்து ஒரு கோடாக நிற்கும். மெல்லிய அலகைத் தண்டில் பிடித்துக்கொண்டு நகத்தால் முதுகைச் சுண்டினால் நல்லது கணீரென்று ஒலிக்கும், விரிந்தது மொத்தென்று கேட்கும். கனத்த தட்டைச் சாணை அலகு இப்படி ஒலிக்காது, அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கெட்டுப்போன கத்தி ஒன்று உண்டு. கண்ணாடிபோல் பளபளக்கும், வாயருகே மட்டும் மெல்லிய நீலமோ ஊதாவோ படர்ந்திருக்கும். இயந்திரப் பஃபில் (மெருகேற்றும் சுழல் சக்கரத்தில்) பிடித்தபோது எஃகு 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகிப் பதம் போய்விட்டதன் அடையாளம் அது. எவ்வளவு தீட்டினாலும் வாய் நிற்காது. துருப்பிடித்த கத்தியைவிட அளவுக்கு மீறிப் பளபளக்கும் கத்தியிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

படம் பார்த்து வாங்கும்போது

விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: தண்டின் இரு முகங்கள், அலகின் இரு பக்கங்கள், முதுகு மேலிருந்து, வாய் நேரெதிரில், கத்தி மூடிய நிலையில் மேலிருந்து. அலகின் அருகே அளவுகோலை வைத்து ஒரு படம். வாயைக் காட்டும் படத்தை அனுப்பத் தயங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. 'மழிக்கத் தயார்' என்ற சொல்லுக்கு மதிப்பு வேண்டாம், தீட்டக் கொடுக்கும் கூலியையும் சேர்த்தே விலை பேசுங்கள். பெட்டியில் பெயர் இருந்தால் அது பெட்டியின் பெயர்.

நேரில் தேட விரும்புபவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் போன்றவை நல்ல இடம். அங்கே அளந்து பார்க்கலாம், லென்ஸ் வைக்கலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். யானைத் தந்தக் கைப்பிடியை வாங்குவதும் விற்பதும் இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், எவ்வளவு பழையதானாலும் சரி. தந்தத்தில் வலைப்பின்னலாகக் குறுக்கிடும் கோடுகள் தெரியும். செல்லுலாய்டில் செய்த போலித் தந்தத்தில் கோடுகள் இணையாக ஓடும். ஆமையோட்டுக் கைப்பிடியும் பன்னாட்டு வணிகத் தடைக்குள் வருகிறது. நூறாண்டு கடந்த பொருளை இந்தியாவிலிருந்து தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது, ஊருக்கு வந்து வாங்கிப் போக நினைக்கும் அயலகத் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது.

வீட்டுக்கு வந்ததும்

தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், ஆணிக்குள் இறங்கிய ஈரம் வெளியே வராது. பித்தளைக்குப் போடுவதுபோல் புளியும் வேண்டாம். அதன் அமிலம் எஃகைச் சாம்பல் நிறமாக்கி மங்கடிக்கும். தையல் இயந்திர எண்ணெயைத் தடவி 12 மணி நேரம் விட்டு, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் நீளவாக்கில் தேய்த்துத் துடையுங்கள். அலகின் அடியில் ஒரு மரத்துண்டைத் தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள், விரல் எப்போதும் முதுகுப் பக்கமே இருக்கட்டும். மிச்சக் கறைக்குப் பிராசோ என்ற உலோக பாலிஷ் போதும். தங்க மெருகு மிச்சமிருந்தால் அந்த இடத்தில் பிராசோவும் படக் கூடாது. யார் முகத்தில் ஓடிய கத்தி என்று தெரியாது, மழிக்கும் முன் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் அலகைத் துடைத்துவிடுங்கள். செல்லுலாய்டு கைப்பிடியில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு.

பிறகு ஒரு சின்ன அட்டையில் அகலம், முதுகுத் தடிமன், எடை, கைப்பிடிப் பொருள், ஆப்பின் பொருள் எல்லாம் எழுதிக் கத்தியோடு வையுங்கள். கண்டதையும் கருதியதையும் வேறு வேறு வரியில் எழுதுங்கள். முதல் வரியில் 'முத்திரை இல்லை, தட்டைச் சாணை, நடுத்தர வால், தண்டில் வெட்டுகள், ஈய ஆப்பு, கொம்புப் பட்டை, கறைக்கோடு பொருந்துகிறது'. இரண்டாம் வரியில் 'ஷெஃபீல்டாக இருக்கலாம், 1830–1860'. நாளை அந்தக் கத்தியை வாங்குபவர் இரண்டாம் வரியை ஏற்காவிட்டாலும் முதல் வரியிலிருந்து தானே கணித்துக்கொள்வார்.